பிணையலும் ஹெணிகெயும்: ஊசிநூல், மாட்டுக்கயிறு, கணக்கில் ஏறாத உழைப்பு

கன்னடத்தில் கம்பளிநூலை ஊசிகளால் பின்னும் வேலைக்கு ‘ஹெணிகெ’ என்று பெயர். ‘ஹெணெ’ என்னும் வினையடியிலிருந்து பிறந்த சொல். பழங்கன்னடத்தில் அது ‘பெணெ’. சொல்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்தது கன்னட ஒலிவரலாற்றில் நன்கறிந்த நிகழ்வு: நம் பால் அங்கே ஹாலு, பல் அங்கே ஹல்லு, புலி அங்கே ஹுலி. இந்தப் ‘பெணெ’யைத் தமிழின் ‘பிணை’ என்னும் சொல்லோடு ஓரினமாக வைக்கிறது பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (முதற்பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984).

தமிழில் அச்சொல் வேறு வழியில் நடந்தது. நீதிமன்றத்தில் பிணை என்றால் ஜாமீன். செய்தித்தாளில் பிணைக்கைதி. வேதியியல் பாடநூலில் அணுக்களின் பிணைப்பு. இவற்றையெல்லாம்விட மண்ணோடு ஒட்டிய பொருள் ஒன்று களத்துமேட்டில் இருந்தது. அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி, மாடுகளை ஒன்றோடொன்று கழுத்துக் கயிற்றால் வரிசையாகக் கட்டி, வட்டமாக ஓட்டி மிதிக்கவிடுவது ‘பிணையல்’. கதிரடிக்கும் இயந்திரம் வந்தபின் அந்தக் காட்சி மறைந்தது; சொல்லும் முதியோர் பேச்சில் மட்டும் தங்கிவிட்டது. ஆக, ஒரே வேர் ஒரு மொழியில் பெண்ணின் கையிலுள்ள ஊசிக்குப் போயிற்று. இன்னொன்றில் மாட்டின் கழுத்துக்குப் போயிற்று.

பெங்களூரு விவேக் நகர் போன்ற இடங்களில் இவ்விரு மொழிகளும் ஒரே சுவரின் இருபுறமும் வாழ்கின்றன. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா ஆகியவற்றை அடுத்துள்ள அப்பகுதியில், 1971இல் தோன்றிய குழந்தை இயேசு ஆலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் வழிபாடு நடக்கிறது. மார்கழிக் குளிருக்குக் குழந்தைக்குக் குல்லா பின்னும் பெண், ஒரு வீட்டில் ‘ஹெணிகெ’ செய்கிறாள். அடுத்த வீட்டில் ‘உல்லன் பின்னுகிறாள்’. இருவர் வேலையும் ஒன்று. வேலையின் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாறுகள் ஒன்றல்ல. வீட்டாருக்காகவும் வளர்ப்பு விலங்குகளுக்காகவும் கையால் பின்னப்பட்ட பொருள்களின் வரலாற்றை எழுத முயல்வோர் முதலில் சந்திக்கும் இடர் இதுதான்: விற்கப்பட்டது ஆவணத்தில் உள்ளது, வீட்டிலும் தொழுவத்திலும் தேய்ந்து அழிந்தது சொற்களில் மட்டுமே உள்ளது.

தொழில்நுட்பத்தைச் சற்றே பிரித்துக்கொள்வது நலம். நெசவில் பாவு, ஊடை என இரண்டு இழைத்தொகுதிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கின்றன. ஊசிப்பின்னலில் ஒரே நூல்தான். அது தன் வளையத்துக்குள்ளேயே மறுவளையமாக நுழைந்து வரிசை வரிசையாக வளர்கிறது. அதனால்தான் அத்துணி இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. காலுக்கும் தலைக்கும் அது பொருந்துவதன் காரணம் அதுவே. ஓர் இழை அறுந்தால் முழுதும் பிரிவதும் அதனால்தான். குரோஷா என்னும் கொக்கிப் பின்னலில் ஒவ்வொரு வளையமும் அடுத்ததற்குச் செல்லுமுன் முடித்துவைக்கப்படுகிறது. அது அவ்வளவு நீளாது. வலையிலோ ஒவ்வொரு கண்ணும் முடிச்சிட்டுக் கட்டப்படுகிறது. ஒரு கண் கிழிந்தாலும் மற்றவை நிற்கும். வலை பின்னுவோர் இடும் அந்த முடிச்சும், தறியில் அறுந்த பாவிழையை ஒட்ட நெசவாளர் இடும் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. கடற்கரையும் தறிக்குழியும் ஒரே முடிச்சைத் தனித்தனியாகப் பழகியிருக்கின்றன.

இவற்றுள் ஊசிப்பின்னல் நம் நாட்டுக்குப் பிந்திவந்தது. உலகிலும் அது அவ்வளவு பழையதன்று. இன்று கிடைக்கும் மிகப்பழைய உண்மையான ஊசிப்பின்னல் துண்டுகள் இடைக்கால எகிப்தைச் சேர்ந்தவை. குரோஷா இன்னும் இளையது. அதன் அச்சிட்ட மாதிரிகள் 1820களில்தான் ஐரோப்பிய இதழ்களில் தோன்றுகின்றன. ஆனால் முடிச்சிடுதல், முறுக்குதல், முடைதல், கோத்தல் ஆகியவை இங்கே மிகப் பழையவை. நற்றிணையின் 142ஆம் பாடலில் மழையில் நனைந்தபடி ஆடு காக்கும் இடையன் வருகிறான். பல கால்கள் கொண்ட மெல்லிய உறி, தீக்கடைகோல், தோல், முதுகில் ஓலைப்பறி ஆகியவையே அவன் உடைமை. உரையாசிரியர்களின் கவனமெல்லாம் அப்பாடலின் முல்லைத்திணை இருத்தலில் நிற்கிறது. அந்த உறியைக் கட்டிய கை யாருடையது என்று கேட்டவர் குறைவு. அதே நற்றிணையின் 353ஆம் பாடல், ஆண்துணை இல்லாத பெண்கள் முயன்று நூற்ற நுண்ணிய நூலை மலைமேல் படரும் மழைமுகிலுக்கு உவமையாக்குகிறது. நூற்றல் என்பது துணையற்ற பெண்ணின் பிழைப்பு என்ற செய்தி ஓர் உவமையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டாயிரம் ஆண்டு கடந்து வந்திருக்கிறது. கணவனை இழந்த பெண்களுக்கு இன்றும் அரசு இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது என்பதோடு இதைச் சேர்த்துப் படிக்கலாம்.

இலக்கண மரபுக்கும் இக்கைவேலைச் சொற்கள் தூரமல்ல. நூல் என்பது இழையும் ஏடும். நன்னூலின் பாயிரம் புலவனையே நூற்கும் பெண்ணாக உருவகிக்கிறது. கண்ணி என்பது கயிற்றுச் சுருக்கு. யாப்பில் இரண்டடிச் செய்யுளுறுப்பு. தளை என்பது மாட்டின் காலைக் கட்டும் கயிறு. யாப்பில் சீரோடு சீர் இணையும் முறை. தொழுவத்திலிருந்து செய்யுளுக்குப் போன சொற்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தொழுவத்தில் அவை என்னவாக இருந்தன என்பதைப் பாடத்திட்டம் சொல்வதில்லை.

என்னவாக இருந்தன? ஒரு மாட்டின் உடம்பில் இருந்த கயிறுகளை எண்ணினாலே போதும். மூக்கைத் துளைத்துச் செல்லும் மூக்கணாங்கயிறு மென்மையாகவும் புண்படுத்தாததாகவும் இருக்கவேண்டும். ஆகவே பருத்திநூலை முறுக்கிச் செய்வர். தலைக்கயிறும் கழுத்துக்கயிறும் அதைவிடத் தடித்தவை. ஓட்டுபவன் கையில் பிடிகயிறு. கட்டுத்தறியில் தாம்பு. கன்றுக்குத் தும்பு, தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் மடமையைச் சொல்லும் பழமொழி அனைவரும் அறிந்ததே. இறைவையில் சாலை இழுக்கும் வடம் இவற்றிலெல்லாம் பெரியது; அது அறுந்தால் மாடும் மனிதரும் விழுவர். புளிச்சை, சணப்பு, கற்றாழை, பனை, தென்னை என நாரின் தன்மைக்கேற்ப இடம் மாறும். நீரில் ஊறினாலும் தாங்குவது தென்னை. கழுத்தை அறுக்காமல் இருப்பது பருத்தி. இத்தேர்வு ஒவ்வொன்றும் ஓர் அறிவு. அதற்குப் பாடநூல் இருந்ததில்லை.

கயிற்றைக் கடந்து பின்னல் என்று சொல்லத்தக்கவையும் உண்டு. பயிர் ஊடே உழும்போது மாடு பயிரை மேயாமலிருக்க மூஞ்சியில் மாட்டும் வாய்க்கூடு, கயிற்றால் கண்கண்ணாகப் பின்னிய ஒரு சிறு வலை. மூச்சு முட்டக்கூடாது, நாக்கு வெளியே வரக்கூடாது, தலையை உதறினாலும் கழன்று விழக்கூடாது என்னும் மூன்று நிபந்தனைகளுக்குள் கண்ணின் அளவு தீர்மானமாகிறது. குட்டி நேரம் தவறிப் பால் குடித்துவிடாமல் ஆட்டின் மடியை மூடும் பையும் இவ்வகைதான். வைக்கோலை அள்ளிக் கட்டும் வலை, பால்பானையைப் பூனைக்கு எட்டாமல் தொங்கவிடும் உறி, கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரம் என்று பட்டியல் நீளும். பஞ்சாரம் மூங்கிலால் முடைவது, உறி கயிற்றால் கட்டுவது, வாய்க்கூடு பின்னுவது. முடை, கட்டு, பின்னு என்று மொழி இவற்றை மிகக் கவனமாகப் பிரித்திருக்கிறது. ஆங்கிலேய ஆட்சிக்கால மாவட்டக் கையேடுகள் மாட்டின் இனத்தையும் விலையையும் விரிவாகப் பேசும். மாட்டின் மேலிருந்த கைவேலை அவற்றில் பொருளாகவே கருதப்படவில்லை. விற்பனைக்கு வராத பொருளுக்கு வரி இல்லை. வரி இல்லாததற்கு ஏட்டில் வரியும் இல்லை.

இனி ஊசியின் பக்கம். கடலோரத் தமிழில் போர்ச்சுக்கீசியர் விட்டுச்சென்ற சொற்களுள் துணி சார்ந்தவை தனிக்கவனம் பெறவேண்டியவை. ரேந்தை என்பது ‘ரெந்தா’. துணியின் ஓரத்தில் வைக்கும் பின்னல் அலங்காரம். இலங்கைத் தமிழில் காலுறை ‘மேசு’, அது ‘மெயஸ்’. அதனுடன் சேர்ந்தே வரும் சப்பாத்து, ‘சபாத்து’. காலுறை என்ற தூய தமிழ்ச்சொல் பின்னாளைய ஆக்கம். பொருள் பிறநாட்டது என்பதைப் பெயரே ஒப்புக்கொள்கிறது. ஆனால் வினைச்சொல் எங்கும் கடன் வாங்கப்படவில்லை என்பதையும் காணவேண்டும். ரேந்தையைப் ‘பின்னினார்கள்’. ஸ்வெட்டரையும் ‘பின்னினார்கள்’. கூந்தலுக்கும் ஓலைக்கும் உரிய வினை அப்படியே நூலுக்கு நீண்டது. பொருள் புதிது, மாதிரி புதிது, சந்தை புதிது. கையின் அசைவு புதிதன்று என்றே பேசுவோர் உணர்ந்திருக்கவேண்டும்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தனர். மார்த்தா நடத்திய பெண்கள் விடுதிப்பள்ளியில் எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் கற்பிக்கப்பட்டது. அது கொக்கிப் பின்னல் அன்று. உருண்டைத் திண்டின்மேல் மாதிரித்தாளை வைத்துக் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய பல நூல்களை மாற்றி மாற்றிக் கடத்திப் பின்னும் முறை. தமிழின் ‘பின்னு’ அதற்கு மிகப் பொருத்தமான வினை. அப்பள்ளிக்கு வந்த பெண்களில் அடிமைச் சாதிகளைச் சேர்ந்தோரும் இருந்தனர். ரேந்தை விற்ற பணத்தைக்கொண்டு சிலர் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என மிஷன் எழுத்துகள் பதிவு செய்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான்.

அதே ஆண்டுகளில், அதே ஊர்களில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை இதற்கு அருகில் வைக்காமல் ரேந்தையின் வரலாற்றை எழுதமுடியாது. நாடார் பெண்கள் மேலாடை அணிவது சாதி ஒழுங்கை மீறுவதாகக் கருதப்பட்டது. மிஷனரிப் பெண்கள் தைத்துக்கொடுத்த குப்பாயம் என்னும் தளர்ந்த சட்டை ஓர் இடைவழியாக ஏற்கப்பட்டது. 1829ஆம் ஆண்டு அரசாணை குப்பாயத்தை அனுமதித்து, உயர்சாதியினரைப்போல் மேற்சீலை போடுவதைத் தடுத்தது. மீண்டும் கலவரங்கள் நிகழ்ந்தபின் 1859 ஜூலை 26ஆம் நாள் பிறந்த ஆணை தடையைத் தளர்த்தியது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் பாணி விலக்காகவே நின்றது. இந்நாற்பதாண்டுக் காலத்தில், சீமைப் பெண்களின் கழுத்துப்பட்டிக்கும் கைவிளிம்புக்கும் ரேந்தை பின்னிக்கொண்டிருந்தவர்கள், தம் தோள்மேல் ஒரு முழத் துணி போடத் தெருவில் அடிபட்டவர்களின் சாதியிலிருந்தும், அவர்களிலும் கீழே வைக்கப்பட்ட சாதிகளிலிருந்தும் வந்தவர்கள். கைத்தொழில் வரலாறுகள் பலவும் இவ்விரண்டையும் தனித்தனி அதிகாரங்களில் வைக்கின்றன. ஒரே அதிகாரத்தில் வைத்தால்தான் ரேந்தை என்ற பொருளின் எடை தெரியும்.

மால்ட் தம்பதியின் மகள் எலிசா 1822இல் பிறந்தவர். தமிழைத் தாய்மொழிபோல் பேசியவர். 1844இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். தாயிடம் கற்ற தொழில் அவருடன் தேரிக்காட்டுக்கு வந்தது. செம்மணல், பனை, கருப்பட்டி என்றிருந்த ஊரில் அவர் பெண்கள் விடுதிப்பள்ளியை நடத்தி ரேந்தை கற்பித்தார். அதே இல்லத்தில் 1856ஆம் ஆண்டின் ‘திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்’ உருவாகிக்கொண்டிருந்தது. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாவதை அந்நூலில் கால்டுவெல் எடுத்துக்காட்டுகிறார். பிணையையும் ஹெணெயையும் உறவாகக் காணும் முறையே அந்த மேசையிலிருந்து தொடங்கியது என்றால் பெரும்பிழை ஆகாது. மேசைக்கு அடுத்த அறையில் நடந்த வேலையை மொழியியல் மாணவர்கள் அறிவதில்லை. எலிசாவின் மொழியறிவு கால்டுவெல்லின் ஆய்வுக்கு எவ்வளவு துணைநின்றது என்ற கேள்வியும் இன்னும் உரிய அளவில் எழுப்பப்படவில்லை. கால்டுவெல்லின் 1849ஆம் ஆண்டு நூல் நாடார் சமூகத்தை இழிவாகச் சித்தரித்தது எனப் பின்னர் பெருங்கண்டனம் எழுந்தது. எலிசாவின் பள்ளியில் திண்டின் முன் அமர்ந்தவர்கள் அச்சமூகத்தின் பெண்கள்.

மிஷன் எழுத்துகளில் அடிக்கடி வரும் ஒரு தொனி உண்டு: பயிற்சியற்ற கைகளுக்கு நுண்தொழில் கற்பித்தோம் என்பது. இதை ஏற்கமுடியாது. பனையோலையைச் சன்னமாகக் கிழித்துப் பெட்டியும் கொட்டானும் பாயும் முடைந்த கைகள் அவை. இழுவிசை சமமாக இருக்கவேண்டும், எண்ணிக்கை தவறக்கூடாது, ஓரம் நேராக நிற்கவேண்டும் என்னும் ஒழுங்கு ஓலையிலேயே பழகியது. மிஷன் தந்தது நூலும் மாதிரித்தாளும் வாங்குவோரும். அது சிறிய கொடையன்று. ஆனால் கையைத் தந்ததாகச் சொல்வது வேறு.

பின்னர் 1897இல் முளகுமூட்டில் பெல்ஜியத்திலிருந்து வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மீஸ்டர் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். ரேந்தைக்குப் பேர்பெற்ற நாட்டிலிருந்து வந்தவர்களின் பள்ளி அது. ரேந்தைத் தொழில் குமரி மாவட்டத்தின் மேற்குப்பகுதியிலும் வேரூன்றியது. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாகப் பரவியது கொக்கிப் பின்னல். மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ‘நரசாபுரத்தின் ரேந்தைக்காரிகள்’ என்னும் ஆய்வு இத்துறையில் திருப்புமுனை. நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் கொக்கியோடு அமர்ந்த பெண்கள், உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்தும், தம்மை வீட்டுப்பெண்கள் என்றே கருதினர். வணிகர்களும் அது ஓய்வுநேர வேலை என்றே கூறினர். ‘ஓய்வுநேரம்’ என்ற அச்சொல்தான் கூலியைக் குறைத்த கருவி என்று மீஸ் காட்டினார். சந்தைக்குப் பின்னியதே ஓய்வுநேரம் ஆகும்போது, மகனுக்கு மேசும் மாட்டுக்கு வாய்க்கூடும் பின்னியது எந்தக் கணக்கில் வரும்?

இடையே ஒரு விவிலியச் செய்தி. போர் மிதிக்கும் எருதின் வாயைக் கட்டலாகாது என்பது உபாகமம் 25ஆம் அதிகாரத்தின் விதி. பவுல் அதை எடுத்து, உழைப்பவருக்குக் கூலி உரியது என்ற வாதத்துக்குப் பயன்படுத்துகிறார். வாய்க்கூடு பின்னத்தெரிந்த ஊர்களில், ரேந்தைப் பெண்களின் முன்னிலையில், இப்பகுதி எத்தனை ஞாயிறுகளில் வாசிக்கப்பட்டிருக்கும்!

சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் பள்ளிகளின் பாடத்தில் ஊசிவேலை இடம்பெற்றது. அரசின் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலுக்கும் பூவேலைக்கும் தாள்கள் உண்டு. இவ்வழியில் நூல்வேலை மதிப்பெண் பெறும் கல்வியாயிற்று. கயிற்றுவேலை எந்தத் தேர்விலும் வரவில்லை.

பெங்களூருவுக்குத் திரும்பினால், இங்கே கம்பளியின் வரலாறு ஊசிக்கு முன்பே நீண்டது. குருபர்கள் ஆட்டுமயிரை நூற்றுக் குழித்தறியில் நெய்த கம்பளியை, 1800இல் மைசூர் நாடு முழுதும் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன் பதிவு செய்திருக்கிறார். புளியங்கொட்டைக் கஞ்சியிட்டு இறுக்கிய அக்கம்பளி மழையில் கொங்காணியாக இடையனைக் காத்தது. இரவில் அதுவே படுக்கை. 1809இல் படைமுகாம் அமைந்தபின் ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து தமிழர் பெருவாரியாக வந்தனர். 1884இல் தொடங்கிய பெங்களூர் கம்பளி, பருத்தி, பட்டு ஆலை பின்னர் பின்னி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தமிழ்த் தொழிலாளர் அதில் ஏராளம். அக்காலத்து ஆலைத் தொழிலாளரையும் கோலார் தங்கவயல் தொழிலாளரையும் ஜானகி நாயர் 1998இல் வெளியிட்ட நூல் விரிவாக ஆராய்கிறது. ‘பின்னி மில்’ என்னும் பெயர் ஓர் ஆங்கிலேயக் குடும்பப்பெயர். தமிழ்க் காதுக்கு அது வினையெச்சமாக ஒலிப்பது தற்செயல். ஆயினும் நாட்டுச்சொற்பிறப்பு இதைவிடச் சிறிய தற்செயல்களில் வாழ்ந்திருக்கிறது.

விவேக் நகரிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஆடுகோடியில், 1923இல் அரசின் கால்நடை, பால்வளக் கல்விக்கான நிலையம் ஏற்பட்டது. இன்று தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை. 1927இல் உடல்நலம் தேறப் பெங்களூருவில் தங்கியிருந்த காந்தி இங்கே வந்து மாட்டுப் பராமரிப்பைக் கற்றார். அதே கோடையை ஒட்டி நகரில் கதர்க் கண்காட்சியும் நடந்தது. நூலையும் மாட்டையும் ஒரே பொருளாதாரமாகப் பார்த்தவர் அவர். அகில இந்திய நூற்போர் சங்கமும் பசுப் பாதுகாப்புச் சங்கமும் ஒரே ஆண்டில், 1925இல், அவர் முயற்சியால் தோன்றியவை. நூற்பவளுக்குக் கூலிக்கணக்கு எழுதப்பட்டது கதர் இயக்கத்தின் பெரும் சாதனை. ஆனால் அந்தக் கணக்கேட்டிலும் பின்னலுக்கும் கயிற்றுக்கும் பத்தி இல்லை.

திருப்பூரில் சொல் மீண்டும் திசை மாறியது. 1920, 30களில் சிறிதாகத் தொடங்கிய பனியன் தொழில் இன்று ‘பின்னலாடை’ என்ற பெயரில் உலகச் சந்தையில் நிற்கிறது. இங்கிலாந்தில் 1589இல் வில்லியம் லீ காலுறைக்காக அமைத்த சட்டத்தின் வழித்தோன்றல்களே அங்குச் சுழலும் வட்டப்பின்னல் இயந்திரங்கள். காங்கேயம் மாடுகளும் வறண்ட தோட்டங்களும் இருந்த நிலத்திலிருந்து வந்த கவுண்டர் தொழிலாளர்கள் முதலாளிகளாக உயர்ந்ததைச் சரத் சாரி 2004இல் எழுதினார். தம் வெற்றியை அவர்கள் ‘உழைப்பு’ என்ற ஒரே சொல்லால் விளக்கினர். அந்த உழைப்பு ஆண்களுடையதாகவே கதைக்குள் வந்தது. பின்னலாடை என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘பின்னல்’ தலைமுறைகளாகப் பெண்கள் வீட்டில் செய்த வேலையின் பெயர்.

வீட்டுக்குள் அது நிற்கவும் இல்லை. பிளாஸ்டிக் வயர் வந்ததும் தமிழ்நாட்டுப் பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். சிவன்கண், நெல்லிக்காய், பிஸ்கட் எனக் கூடைகளின் முடிச்சுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களில் கோயிலும் கொல்லையும் கடைத்தெருவும் ஒன்றாக உள்ளன. எந்த மிஷனும் கற்பிக்கவில்லை. எந்தத் தேர்வும் நடத்தவில்லை. ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி பின்னியதுதான். தமிழில் கைவேலைக் கலைச்சொற்களை ஆராய விரும்பும் மாணவருக்கு இதைவிட வளமான, இன்னும் யாரும் முறையாகத் தொகுக்காத களம் அரிது.

விலங்குகளுக்கான பின்னல் செய்தியானது மிக அண்மையில்தான். 2017 ஜனவரியில், மதுராவுக்கு அருகே மீட்கப்பட்ட யானைகளைப் பராமரிக்கும் நிலையத்தில், கடுங்குளிருக்காகச் சுற்றுவட்டாரப் பெண்கள் வண்ணவண்ணக் கம்பளிநூலில் மாபெரும் ஸ்வெட்டர்களைப் பின்னினர். படங்கள் உலகமெங்கும் பரவின. 2019இல் அயோத்தி மாநகராட்சி தன் கோசாலைப் பசுக்களுக்குச் சணல் மேலங்கி தைக்க முடிவெடுத்ததும் தலைப்புச் செய்தி. வியப்பு என்ற முறையில் இவை பேசப்பட்டன. மாட்டுக்கென்று ஒன்றைப் பின்னுவது இந்நாட்டில் வியப்பாவதற்கு எத்தனை மறதி வேண்டியிருந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

அம்மறதிக்கு ஒரு பொருள்சார்ந்த காரணமும் உண்டு. மாட்டுப்பொங்கலன்று பழைய மூக்கணாங்கயிறும் கழுத்துக்கயிறும் தாம்பும் களையப்பட்டுப் புதியவை பூட்டப்படுகின்றன. கழற்றிய கயிற்றை யாரும் சேர்த்துவைப்பதில்லை. அது குப்பைமேட்டில் மட்கி எருவோடு வயலுக்குப் போகிறது. இங்கிலாந்துக்குப் போன நாகர்கோவில் ரேந்தை பேழைக்குள் இருக்கலாம். வாய்க்கூட்டுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. இப்போது சந்தைகளில் அதே வாய்க்கூடு நைலானில் ஆயத்தமாக விற்கிறது, தொங்கும் கொத்துகளாக. மட்காத பொருள் என்பதால், வருங்கால அகழாய்வாளருக்குக் கிடைக்கப்போகும் முதல் தமிழ் வாய்க்கூடு அதுவாகத்தான் இருக்கும்.